டிராக்டர் கூரையில் சீட் பெல்ட் மாட்டலாமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழில், டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைவு, சீட் பெல்ட், அவற்றைப் பொருத்தும் முறை ஆகியவை பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

‘‘என்னிடம் 45 குதிரைத்திறன் கொண்ட பழைய டிராக்டர் இருக்கிறது. எங்கள் பகுதி மேடும் பள்ளமுமான பூமி. வெயிலுக்காக உள்ளூர் பட்டறையில் ஜி.ஐ. பைப்பில் கூரை செய்து, அதன் கால்களை மட்கார்டில் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறேன். சமீபத்தில் பக்கத்து ஊரில் வரப்பு ஏறும்போது டிராக்டர் கவிழ்ந்து, ஓட்டியவர் இறந்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் பயப்படுகிறார்கள். பழைய காரில் இருந்து சீட் பெல்ட்டைக் கழற்றி, கூரைக் காலில் மாட்டிக்கொள்ளலாமா?’’

- வாசகர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.

மாட்டக் கூடாது. இப்போது இருக்கும் நிலையில் பெல்ட் போட்டுக்கொள்வது, போடாமல் இருப்பதைவிட ஆபத்து. ஏன் என்பதை விளக்கமாகவே சொல்கிறோம். உங்களைப் போலவே கூரையைப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வெயிலுக்குப் போடும் கூரை வேறு. கவிழும்போது உயிரைக் காக்கும் வளைவு வேறு. இரண்டாவதை ‘ரோல் பார்’ என்று சொல்வார்கள். கம்பெனிக்காரர்கள் ‘ரோப்ஸ்’ என்பார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ‘ப’ வடிவத்தில், தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் கனமான இரும்பு வளைவு அது. டிராக்டர் பக்கவாட்டிலோ, பின்பக்கமாகவோ புரளும்போது, முழு எடையையும் இந்த வளைவு தாங்கி, ஓட்டுநரைச் சுற்றி ஒரு வெற்றிடத்தை நசுங்காமல் வைத்திருக்கும். பல நேரங்களில் டிராக்டர் முழுவதுமாகப் புரளாமல் பாதியிலேயே நின்றுவிடவும் இந்த வளைவு காரணமாக இருக்கும்.

அந்த வெற்றிடத்துக்கு உள்ளேயே உங்களை இருக்க வைப்பதுதான் பெல்ட்டின் வேலை. வளைவு இருந்து பெல்ட் போடாவிட்டால், ஓட்டுநர் வெளியே வீசப்பட்டு, அந்த வளைவின் அடியிலேயே சிக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதே நேரம், வளைவே இல்லாமல் பெல்ட் மட்டும் போட்டால், நசுங்கப் போகும் இடத்தில் உங்களைக் கட்டிப்போட்டது போல் ஆகிவிடும். உங்கள் கூரை இரண்டாவது வகை. டிராக்டர் சாய்ந்ததும் மட்கார்டு தகடு கிழிந்து கூரை மடங்கும். பெல்ட் உங்களை அதன் அடியிலேயே பிடித்து வைத்திருக்கும்.

அதனால் எப்போதும் மறக்கக் கூடாத விதி இதுதான்: முறையான வளைவு இருந்தால் பெல்ட் கட்டாயம், வளைவு இல்லை என்றால் பெல்ட் வேண்டாம்.

ஒரு வளைவை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால், பட்டறைக் கூரைக்கும் அதற்கும் உள்ள தூரம் புரியும். டிராக்டர் வளைவுகளுக்கான பன்னாட்டுச் சோதனை முறை ஒன்றில், டிராக்டரின் எடையைப் போல் சுமார் 2 மடங்கு பாரத்தை மேலிருந்து வளைவின் மீது அழுத்துகிறார்கள். 2,000 கிலோ டிராக்டர் என்றால் சுமார் 4 டன். அதோடு, பின்பக்கத்தில் இருந்தும் பக்கவாட்டில் இருந்தும் மெதுவாகத் தள்ளுகிறார்கள். அதே 2,000 கிலோ டிராக்டருக்குப் பக்கவாட்டில் மட்டும் 3,500 ஜூல் ஆற்றலை வளைவு உள்வாங்க வேண்டும். 100 கிலோ மூட்டையைச் சுமார் 12 அடி உயரத்தில் இருந்து கீழே போட்டால் எவ்வளவு வேகத்தில் மோதுமோ, அந்த மோதலுக்குச் சமம். இவ்வளவுக்குப் பிறகும், ஓட்டுநர் இருக்கும் இடத்துக்குள் வளைவின் எந்தப் பகுதியும் நுழையக் கூடாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சோதனையில் வளைவு வளையலாம். முறியக் கூடாது, பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது. வளைவதால்தான் அது மோதலை உள்வாங்குகிறது. ‘இன்னும் தடியான பைப் போட்டால் போதும்’ என்று பட்டறையில் சொல்வதில் இருக்கும் கோளாறு இதுதான். பைப் எவ்வளவு தடியாக இருந்தாலும், அடியில் வெல்டிங் விரிசல் விட்டால், ஒரே நொடியில் கால் கழன்றுவிடும். வளைவின் பலம் அதன் கால் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. புதிய டிராக்டர்களில் இந்த வளைவு இருக்க வேண்டும் என்று சுவீடன் 1959-ம் ஆண்டே சட்டம் போட்டது. அதன் பிறகு அங்கு டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து, மிகவும் அரிதாகிவிட்டது. அமெரிக்காவில் கூலிக்கு ஆள் வைத்து ஓட்டும் டிராக்டர்களுக்கு 1976-ல் விதி வந்தது. வளைவும் பெல்ட்டும் சேர்ந்து இருந்தால், கவிழும் விபத்துகளில் 99 சதவிகிதம் வரை உயிரிழப்பையும் கடுமையான காயத்தையும் தடுக்க முடியும் என்பது அங்குள்ள வேளாண் பாதுகாப்பு அமைப்புகளின் மதிப்பீடு. இந்தியத் தொழிற்சாலைகளில் இருந்து அமெரிக்காவுக்குப் போகும் டிராக்டர்களும் இந்த வளைவோடுதான் போகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது: டிராக்டரின் மாடல், தயாரிப்பு ஆண்டு, சேசிஸ் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் டீலரிடம் ‘இந்த மாடலுக்கு ரோப்ஸ் செட் கிடைக்குமா?’ என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். பழைய மாடல்களுக்கும் சில நேரங்களில் கிடைக்கும். அது கிடைத்துப் பொருத்தும் வரை கூரை வெயிலுக்கு மட்டும் இருக்கட்டும். சரிவில், கிணற்று ஓரத்தில், வாய்க்கால் கரையில் அந்த டிராக்டரை இறக்க வேண்டாம்.

‘‘கம்பெனி வளைவு கிடைத்தது. உள்ளூர் மெக்கானிக்கையே வைத்து மாட்டலாமா? எந்த இடத்தில், எந்த போல்ட் போட வேண்டும்? ஆக்ஸிலில் வெல்டிங் வைத்தால் இன்னும் உறுதியாக இருக்கும் என்கிறாரே?’’

- வாசகர், உத்தமபாளையம், தேனி மாவட்டம்.

அனுபவமுள்ள மெக்கானிக் மாட்டலாம். ஆனால், செட்டோடு வரும் படத்தில் உள்ளபடியேதான் மாட்ட வேண்டும். ‘இன்னும் உறுதிக்காக’ என்று எதையும் சேர்க்கக் கூடாது. முக்கியமானவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

இடம்: பெரும்பாலான டிராக்டர்களில் வளைவின் கால்கள், பின் ஆக்ஸில் ஹவுசிங்கின் மீது அமரும். டிராக்டரிலேயே உறுதியான பகுதி அதுதான். மட்கார்டு, பிளாட்பாரம், சீட் தாங்கி ஆகியவற்றில் கால் வைக்கவே கூடாது.

வெல்டிங்: ஆக்ஸில் ஹவுசிங் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் வைத்தால், ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கும். அடி விழும்போது துண்டாகப் பெயர்ந்துவிடும். ஹவுசிங்கில் புதிதாகத் துளை போடுவதும் கூடாது. கம்பெனி விட்டிருக்கும் துளைகளில்தான் மாட்ட வேண்டும். வளைவின் காலிலும், மேல் குழாயிலும்கூட வெல்டிங் வைப்பது, டிரில் போடுவது இரண்டுமே தவறு. லைட் மாட்ட வேண்டும் என்றால் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள்.

போல்ட்: இதில்தான் பலரும் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளைவின் உயரம் 150 செ.மீ., காலில் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேலே, பின்பக்கத்தில் இருந்து 1 டன் தள்ளினால், நெம்புகோல் கணக்குப்படி கீழே 10 மடங்கு, அதாவது 10 டன் இழுவை வரும். இரண்டு காலுக்கும் பங்கிட்டால் காலுக்கு 5 டன். ஒரு காலில் இழுபடும் பக்கத்தில் 2 போல்ட்கள் இருந்தால், ஒவ்வொன்றும் 2.5 டன்னைத் தாங்க வேண்டும்.

இப்போது போல்ட்டைப் பாருங்கள். 12 மி.மீ. சாதாரண போல்ட் (4.6 தரம்) நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்குவது 2 டன்னுக்கும் சற்றுக் குறைவு. அதே 12 மி.மீ. அளவில் 8.8 தர ஹை டென்சில் போல்ட் சுமார் 5 டன் தாங்கும். 16 மி.மீ., 8.8 தரம் என்றால் 9 டன்னுக்கும் மேல். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே இரும்புதான். வித்தியாசம் தலையில் அச்சிட்டிருக்கும் எண்ணில் இருக்கிறது. அங்குல அளவு போல்ட் உள்ள பழைய டிராக்டர்களில் எண்ணுக்குப் பதில் கோடுகள் இருக்கும். 3 கோடு என்றால் 5-ம் தரம். 6 கோடு என்றால் 8-ம் தரம். தலை வழவழவென்று எந்த அடையாளமும் இல்லாத போல்ட்டை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். நட்டும் வாஷரும் அதே தரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கவிழும்போது வரும் விசை நாம் கணக்குப் போட்ட 1 டன்னைத் தாண்டியும் போகலாம். அதனால் செட்டில் சொன்ன அளவையும் எண்ணிக்கையையும் குறைக்காதீர்கள்.

முறுக்கு: ‘கைக்கு வந்த வரை டைட்’ என்பது போதாது. டார்க் ரெஞ்ச் வைத்து, செட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு முறுக்க வேண்டும். காலுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் மண், பழைய பெயின்ட், துரு இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு உட்கார வையுங்கள். முதல் சில நாட்கள் ஓட்டிய பிறகு மறுபடியும் முறுக்கிப் பாருங்கள். அதன் பிறகு, பருவத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பழைய வளைவு: காயலான் கடையில் கிடைக்கும் வளைவை வாங்காதீர்கள். வேறு மாடலுக்குச் செய்தது உங்கள் டிராக்டர் எடையைத் தாங்காது. ஒருமுறை கவிழ்ந்த டிராக்டரில் இருந்து கழற்றியதாக இருந்தால், அது ஏற்கெனவே தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. சூடு காட்டி நிமிர்த்தினாலும் பழைய பலம் திரும்பாது. அசல் வளைவில், எந்த மாடலுக்கு, எவ்வளவு எடைக்கு, எந்தத் தரச் சோதனைப்படி செய்தது என்ற விவரத்தோடு ஒரு தகடு இருக்கும். அது இல்லாததை வாங்க வேண்டாம்.

இன்னொன்று. கம்பெனி சொன்ன அமைப்பில் இருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. டீலர் மூலம் மாட்டினால் பில்லை வைத்துக்கொண்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

‘‘என் மகன் பொறியியல் கல்லூரியில் நண்பர்களோடு சேர்ந்து பந்தய வண்டி கட்டுகிறான். அதில் பெல்ட் மாட்டும் இடங்களில் தகட்டுக்குப் பின்னால் இன்னொரு தகடு வைத்து பலப்படுத்துகிறார்கள். அதேபோல, டிராக்டர் மட்கார்டுக்கு அடியில் தகடு வைத்து, பந்தய பெல்ட்டை மாட்டலாம் என்கிறான். சரிதானா?’’

- வாசகர், அன்னூர், கோயம்புத்தூர் மாவட்டம்.

உங்கள் மகன் சொல்லும் முறை கார்களுக்குச் சரியானதுதான். அதன் காரணத்தைப் புரிந்துகொண்டால், டிராக்டருக்கு ஏன் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதும் விளங்கும்.

காரின் தரை மெல்லிய தகடு. அதில் வெறும் போல்ட்டும் வாஷரும் போட்டு பெல்ட்டை மாட்டினால், மோதும்போது வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். சாக்குப்பையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டது போலத்தான். அதனால், இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பட்டைத் தகடு வைத்து, பாரத்தைப் பரப்பிவிடுகிறார்கள். கார் பந்தயங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி, பெல்ட் மாட்டும் இடத்தில் இந்தத் தகடு குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிமனும் இருக்க வேண்டும். ரோல் பாரின் கால் அமரும் இடத்தில் 120 சதுர செ.மீ. வேண்டும். அதாவது, கிட்டத்தட்ட 11 செ.மீ. சதுரம். காலுக்குக் குறைந்தது 3 போல்ட்கள், 8 மி.மீ.க்குக் குறையாமல், 8.8 தரத்தில் இருக்க வேண்டும். நீங்களே கட்டும் கார், ஜீப் எதுவாக இருந்தாலும் இந்த அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம். தகட்டின் மூலைகளை உருட்டிவிடச் சொல்லுங்கள். கூரான மூலை, தரைத் தகட்டை அதுவே வெட்டிவிடும்.

டிராக்டர் மட்கார்டின் கதை வேறு. காரின் தரை, வண்டியின் கூட்டோடு எல்லாப் பக்கமும் இணைந்திருக்கிறது. மட்கார்டோ நான்கைந்து போல்ட்டில் தனியாகத் தொங்குகிறது. நீங்கள் அடியில் எவ்வளவு பெரிய தகடு வைத்தாலும், மட்கார்டே மொத்தமாகக் கழன்று வரும். கவிழும்போது முதலில் அடி வாங்குவதும் அதுதான். தகடு பாரத்தைப் பரப்பும். பலம் இல்லாத இடத்துக்குப் பலத்தைக் கொண்டுவராது. டிராக்டரில் பெல்ட்டின் நுனி, சீட்டைத் தாங்கும் உறுதியான சட்டத்திலோ, வளைவு செட்டோடு வரும் தாங்கியிலோதான் சேர வேண்டும். ஸ்பிரிங் சீட்டாக இருந்தால், பெல்ட் சீட்டோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். கூடவே சீட்டைச் சேசிஸோடு பிடித்துக்கொள்ள ஒரு இணைப்புப் பட்டையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டோடு சேர்ந்து ஆளும் பறந்துவிடுவார்.

பந்தய பெல்ட்டும் டிராக்டருக்கு ஏற்றதல்ல. அது தோளையும் இடுப்பையும் சேர்த்து அசையாமல் கட்டும். தோள் பட்டை பின்னோக்கிக் கீழே இறங்கும் கோணம் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதுகெலும்பை அழுத்தும் என்பதால் அதற்குத் தனி இடம் தேட வேண்டும். டிராக்டர் ஓட்டுபவர் நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் திரும்பிக் கலப்பையைப் பார்க்க வேண்டும். அதனால் இடுப்பு பெல்ட் போதும். அது வயிற்றின் மீது இல்லாமல், இடுப்பெலும்பின் மீது இறுக்கமாக இருக்க வேண்டும். பழைய கார் பெல்ட் வேண்டாம். ஒருமுறை விபத்தில் இழுபட்ட நாடாவும், வெயிலில் வெளுத்து ஓரம் பிசிறிய நாடாவும் மறுபடி தாங்காது.

‘‘தென்னந்தோப்புக்குள் ஓட்டும்போது வளைவு மட்டையில் மாட்டுகிறது. கழற்றி வைத்துவிட்டேன். இது தவறா?’’

- வாசகர், ஆனைமலை, கோயம்புத்தூர் மாவட்டம்.

கழற்றினால் மறுபடி மாட்டுவது அரிது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் கழற்றாதீர்கள். தோப்பு வேலைக்கென்றே நடுவில் மடங்கும் வளைவு இருக்கிறது. பின்னை உருவி மடக்கிவிட்டு, மரத்தடி வேலை முடிந்ததும் நிமிர்த்திப் பின் போட்டுவிடலாம். மடக்கி வைத்திருக்கும் நேரத்தில் பெல்ட்டைப் போடக் கூடாது. நிமிர்த்திய உடனே போட வேண்டும். மடக்கிய வளைவோடு ரோட்டுக்கும், கரைக்கும், சரிவுக்கும் போகக் கூடாது. பின் தொலைந்துபோய் அந்த இடத்தில் கம்பித் துண்டு செருகியிருக்கும் டிராக்டர்களை அடிக்கடி பார்க்கிறோம். அந்தக் கம்பி ஒரு நொடிகூடத் தாங்காது. அசல் பின்னை வாங்கிச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

‘‘சேற்றில் டிராக்டர் மாட்டிக்கொண்டால், பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஏற்றுவோம். அப்போது முன்பக்கம் தூக்குகிறது. வளைவு இருந்தால் பயமில்லாமல் செய்யலாமா?’’

- வாசகர், மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

வளைவு இருந்தாலும் செய்யக் கூடாது. கட்டை குத்துக்கொண்டு சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், இன்ஜினின் பலம் சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் உடம்பை ஆக்ஸிலைச் சுற்றிப் புரட்டும். முன்பக்கம் தூக்க ஆரம்பித்தால், சுமார் முக்கால் நொடியில் திரும்ப முடியாத நிலைக்குப் போய்விடும். ஒன்றரை நொடியில் முழுவதுமாகப் பின்னால் விழுந்துவிடும். அது தூக்குகிறது என்று மனதில் பட்டு, கால் கிளட்ச்சுக்குப் போவதற்குள் நேரம் முடிந்துவிடும். குதித்துத் தப்பவும் நேரம் இருக்காது. கலப்பையைக் கழற்றிவிட்டு, ரிவர்ஸில் வர முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னொரு டிராக்டரை வைத்து இழுப்பதுதான் வழி.

டிரெய்லரோ, மரமோ, வேறு எதுவாக இருந்தாலும், பின்னால் கட்டி இழுக்கும்போது டிராபாரில் மட்டும்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, ஆக்ஸிலிலோ சங்கிலியைக் கட்டினால் இதேபோல முன்பக்கம் தூக்கும். வளைவில் சங்கிலியைக் கட்டி இழுப்பது அதைவிட மோசம். ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துக் கொக்கி போட்டுவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வேகத்தில் கவிழ்ந்துவிடும்.

கடைசியாக, எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். வளைவும் பெல்ட்டும் ஒரே ஒருவரைத்தான் காக்கும். அவர் சீட்டில் இருப்பவர். மட்கார்டில் உட்கார்ந்து வரும் கூலி ஆளையோ, ஆசையாக ஏறிக்கொள்ளும் பிள்ளையையோ அவற்றால் காக்க முடியாது. ஒரு டிராக்டருக்கு ஒரு ஆள் என்பதற்குச் செலவே இல்லை. அதை இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

உங்கள் டிராக்டரில் எது வளைவு, எது வெறும் கூரை என்று சந்தேகமாக இருந்தால், உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் டிராக்டரைக் காட்டிக் கேளுங்கள். டிராக்டர், பண்ணைக் கருவிகள் பற்றிய கேள்விகள் இருந்தால், மாடல் விவரத்தோடு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் பதில் சொல்கிறோம்.